வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பூனைக்கு யார் சோறு வைப்பது?

என்னடா இது, பூனைக்குச் சோறு வைப்பதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தேடிப் பார்த்தபோது இருக்கிறது என்று தெரிந்தது. அதிலும் பாதி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வருகிற மே மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்பது நாள் பயணமாக மதுரை, திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று கிளம்புகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. பால்காரருக்குச் சொல்லியாயிற்று. பேப்பர் போடும் பையனுக்கும் சொல்லியாயிற்று. எஞ்சியிருப்பது ஒரே ஒரு கேள்விதான். சிட்டுவை யார் பார்த்துக்கொள்வது? சிட்டு என்பது எங்கள் வீட்டுப் பூனை. சாம்பல் நிறம், மூன்று வயது, தெற்குப் பக்கத்து ஓட்டின் மேல் தூங்குவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

"பூனைதானே, அது எலி பிடிச்சித் தின்னுக்கும்" என்றார் அப்பா. வீட்டில் யாரும் பதில் பேசவில்லை. காரணம், சிட்டுவுக்கு முன்னால் எங்கள் வீட்டில் வெள்ளச்சி என்று ஒரு பூனை இருந்தது.

நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கோடை அது. நான்கு நாளில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுத் திருவண்ணாமலை பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, தினமும் ஒரு வேளை சோறு வைக்கச் சொல்லியிருந்தோம். நான்கு நாள் எட்டு நாள் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டிலேயே ஒரு துக்கச் செய்தி வந்து, எல்லோரும் அவசரமாக ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் எங்கள் பூனை யாருக்கு நினைவில் இருக்கும்? நாங்கள் திரும்பி வந்தபோது திண்ணையில் காய்ந்துபோன சோற்றுத் தட்டு இருந்தது. வெள்ளச்சி இல்லை. இரண்டு வாரம் தெருத்தெருவாகத் தேடினேன். கிடைக்கவில்லை.

இந்தமுறை அப்படி நடக்கக் கூடாது என்று நினைத்துத்தான், முன்னால் இருந்தவர்கள் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

கழுகுக்குச் சோறு வைத்த ஊர்

திருக்கழுக்குன்றம் என்ற பெயரே கழுகிலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பட்சி தீர்த்தம் என்றும் எங்கள் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. வேதகிரீசுவரர் மலை மேல் தினமும் உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பறவைகள் வரும். கோயில் சார்பாக ஒருவர் பாறையில் உட்கார்ந்து, சோறும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்த உணவைக் கையால் எடுத்து வைப்பார். பறவைகள் நடந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடும். காசியில் குளித்துவிட்டு இங்கே சாப்பிட வருகின்றன என்று சொல்வார்கள். சாபம் பெற்ற எட்டு முனிவர்கள், ஒரு யுகத்துக்கு இரண்டு பேராகக் கழுகு உருவில் வருகிறார்கள் என்பது தலபுராணக் கதை. ஏதாவது ஒரு நாள் பறவைகள் வரவில்லை என்றால், கூட்டத்தில் பாவம் செய்தவர் யாரோ இருக்கிறார் என்று பேசிக்கொள்வார்களாம்.

உண்மையில் அவை கழுகுகள் அல்ல. மஞ்சள்முகப் பாறு என்கிற பிணந்தின்னிப் பறவைகள். உடம்பு வெள்ளை, இறக்கை ஓரம் கருப்பு, முகம் மட்டும் மஞ்சள். இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு வெளியூர்க்காரர்களின் சாட்சியே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வியாபாரம் செய்துவந்தார்கள். அங்கிருந்து எங்கள் மலைக்கு வந்தவர்கள், மலைச்சரிவில் இருக்கும் ஒருக்கல் மண்டபத்தில் தங்கள் பெயர்களை வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். (சுற்றுலா போன இடத்தில் சுவரில் பெயர் எழுதும் பழக்கம் நம் ஆட்களுக்கு மட்டும் உரியது அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ளவும்!) சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, 1977-இல் இந்தப் பறவைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

இதில் எனக்குப் பட்ட விஷயம் வேறு. ஒரு பறவை பல நூற்றாண்டுகள் வாழாது. சோறு வைத்தவரும் அப்படித்தான். பறவைகள் தலைமுறை தலைமுறையாக மாறியிருக்கின்றன, கை மாறியிருக்கிறது, ஆனால் ஏற்பாடு மட்டும் மாறவில்லை. சோறு வைப்பவருக்குக் காய்ச்சல் வந்த நாட்கள் இருந்திருக்கும். அவர் வீட்டிலும் கல்யாணம், சாவு நடந்திருக்கும். அந்த நாளிலும் வேறு ஒருவர் மலை ஏறியிருக்கிறார். ஐந்நூற்றுச் சொச்சம் படி! எங்கள் வீட்டில் எட்டு நாள் கூடத் தாங்காத ஏற்பாடு, மலை மேல் எப்படித் தாங்கியது?

மூன்று அரசர்கள், ஒரு கொடை

இதற்குப் பதில் தேடும்போது எங்கள் ஊர்க் கல்வெட்டு ஒன்று கண்ணில் பட்டது. கல்வெட்டு ஆய்வாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த கல்வெட்டுதான் இது. முதலாம் ஆதித்த சோழனின் 27-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய கி.பி. 898. அதில் சொல்லப்படும் செய்தி இதுதான். ஸ்கந்தசிஷ்யன் என்ற அரசன் திருக்கழுக்குன்றத்து மூலட்டானத்துக் கடவுளுக்கு நிலம் கொடுத்திருந்தான். பிறகு வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர், அதாவது முதலாம் நரசிம்மவர்ம பல்லவன், அந்தக் கொடையை அப்படியே தொடரச் செய்தான். இப்போது அதையே ஆதித்தனும் தொடரச் செய்கிறான்.

நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது 642 வாக்கில். ஆதித்தன் பல்லவ ஆட்சியையே முடித்து வைத்தவன். எதிரி வம்சத்தின் கொடை! இருந்தும் "முன்னவர் ஒப்புக்கொண்டது நடக்கட்டும்" என்று கல்லில் வெட்டி வைக்கிறான். கொடுத்தவர் போன பிறகும் கொடை நடக்க வேண்டும் என்றால், அடுத்து வருபவர் ஒவ்வொருவரும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று புதிதாக ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டுப் போனால் போதும் என்று அந்தக் காலத்து அரசர்களே நினைக்கவில்லை. நாங்கள் நினைத்தோம், சாவியைக் கொடுத்துவிட்டு.

சாவாத ஆடு, மூப்படையாத ஆடு

பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வரும் விஷயம். சோழர் காலக் கல்வெட்டுகளில் "சாவா மூவாப் பேராடு" என்று ஒரு சொல் அடிக்கடி வரும். சாகாத, கிழடாகாத ஆடு என்று பொருள். முதலில் படித்தபோது ஏதோ மந்திர ஆடு என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை, ஆடுகளைக் கொடுக்கிறார். பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இவை ஓர் இடையர் பொறுப்பில் விடப்படும். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி. அப்படியானால் வருடத்துக்கு ஏறக்குறைய 91 நாழி நெய்.

ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டியும் போடும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியை வளர்த்து, எண்ணிக்கையை எப்போதும் 96 ஆகவே வைத்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. அதற்கு மேல் வரும் குட்டியும் பாலும் அவருடைய வருமானம். ஆக, ஒவ்வொரு ஆடும் சாகும், மந்தை சாகாது. எங்கள் வகுப்பில் அசல் குறையாமல் வட்டியை மட்டும் செலவு செய்யும் நிதி என்று ஒரு மணி நேரம் விளக்குவார்கள். நம் ஆட்கள் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள், சாவா மூவா!

தஞ்சைக் கல்வெட்டுகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஆடு பெற்றுக்கொண்ட இடையரின் பெயரோடு நிற்பதில்லை. அவருடைய அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்று உறவினர் பெயர்களும் அவருக்குப் பொறுப்பாளிகளாகச் சேர்த்து வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த இடையருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நெய் அளப்பது யார் என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் எழுதிவிட்டார்கள். இதைப் படித்தபோது வெள்ளச்சியின் தட்டுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எங்களிடம் நல்ல மனிதர் இருந்தார், சோறு இருந்தது, சாவி இருந்தது. இரண்டாவது பெயர் மட்டும் இல்லை.

கெய்ரோவில் பூனைக்கு ஒரு தோட்டம்

சரி, ஆடும் விளக்கும் இருக்கட்டும். பூனைக்கே இப்படி யாராவது ஏற்பாடு செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள்.

13-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோ நகருக்கு வெளியே தன் மசூதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்தை, ஆதரவற்ற பூனைகளின் உணவுக்கு என்று வக்ஃபாக எழுதி வைத்தார். தோட்டத்தின் வருமானம் பூனைக்கு. நம் ஊர் அறக்கட்டளை மாதிரியேதான். அறுநூறு ஆண்டுகள் கழித்து எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோவில் தங்கி, 1836-இல் வெளியான தன் புத்தகத்தில் இந்தத் தோட்டத்தின் கதியை எழுதியிருக்கிறார். பொறுப்பில் இருந்தவர்கள் "தோட்டம் பாழாகிவிட்டது, சீர் செய்ய நிறையச் செலவாகும்" என்று சாக்குச் சொல்லி விற்றுவிட்டார்கள். அது கை மாறிக் கை மாறி, கடைசியில் பூனைகளுக்கு என்று வந்தது வருடத்துக்கு வெறும் 15 பியாஸ்டர்.

அப்படியானால் பூனைகள் பட்டினியா? இல்லை. அறக்கட்டளைகளை எல்லாம் மேற்பார்வை பார்க்க வேண்டியவர் நகரத்து காஜி. ஆகவே பூனைச் செலவும் அவர் தலையில் விழுந்தது. தினமும் பிற்பகலில் நீதிமன்ற முற்றத்தில் கூடை கூடையாகக் கறித்துண்டுகள் வரும், பூனைகள் கூடும். வீட்டுப் பூனை வேண்டாம் என்று நினைப்பவர்களும் காஜி வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம்!

இங்கே முதல் போய்விட்டது, ஆள் இருந்தார். அதனால் பூனைக்குச் சோறு கிடைத்தது. பணத்தைவிட ஆள் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்கில் ஏறிய பூனைகள்

வெள்ளைக்காரர்கள் இதையே அலுவலகக் கணக்காக மாற்றினார்கள். 1868-இல் லண்டன் தபால் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் எலித் தொல்லை தாங்காமல், வாரத்துக்கு ஒரு ஷில்லிங் செலவில் மூன்று பூனைகள் வைக்க அனுமதி கிடைத்தது. அதுவும் ஆறு மாதச் சோதனைக்குத்தான். எலி குறையவில்லை என்றால் படி குறைக்கப்படும் என்று மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வேறு! 1929-இல் பிரிட்டிஷ் உள்துறை அலுவலகம் தன் பூனைக்கு நாளுக்கு ஒரு பென்னி என்று சில்லறை ரொக்கத்திலிருந்து ஒதுக்கியது. சில்லறை ரொக்க ஏட்டில் "பூனை - 1 பென்னி" என்று ஒரு பதிவு வந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் நன்மை இருக்கிறது. கணக்கில் ஏறிவிட்ட பூனையை யாரும் மறக்க முடியாது. அலுவலர் மாறினாலும் ஏடு மாறாது.

அதே லண்டனில் மறுபக்கமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கோடைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரை ஊர்களுக்குப் போகும் குடும்பங்கள் பூனைகளை அப்படியே தெருவில் விட்டுவிட்டுப் போவது பெரிய பிரச்சினையாக இருந்தது. "பூனைதானே, பிழைத்துக்கொள்ளும்" என்ற அப்பாவின் வாக்கியம் ஆங்கிலத்திலும் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் பூனைகளுக்காகவே 1896-இல் கேம்டன் டவுன் பகுதியில் ஒரு காப்பகம் தொடங்கினார்கள்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

பக்கத்து வீட்டில் பூனையை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி நம் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தேன். எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பெய்ல்மென்ட் என்று ஒரு பகுதி வரும். ஒரு பொருளை ஒரு நோக்கத்துக்காக இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைத்து, பிறகு திரும்பப் பெறுவது. பெற்றுக்கொண்டவர், சாதாரண முன்யோசனை உள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. கூலி வாங்காமல் பார்த்துக்கொள்கிறார் என்றால், அதற்கு ஆன அவசியச் செலவை ஒப்படைத்தவர் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 158-ஆம் பிரிவு.

163-ஆம் பிரிவில் வரும் உதாரணம்தான் அருமை. ஒருவர் தன் பசுவை இன்னொருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போகிறார். பசு கன்று போடுகிறது. திருப்பிக் கொடுக்கும்போது கன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆக, பக்கத்து வீட்டில் இருக்கும்போது பூனை குட்டி போட்டால் குட்டிகளும் நம்முடையவைதான்! (சிட்டு ஆண் பூனை என்பதால் எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.) சோழர் கால ஏற்பாட்டில் இதற்கு நேர்மாறாக, மிஞ்சிய குட்டி இடையருக்குப் போகும். தினமும் வேலை செய்கிறவருக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று யோசித்தவர்கள் அவர்கள். எனக்கு என்னவோ 1872-ஐ விட அதுவே நியாயமாகப் படுகிறது.

அடுத்தது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். அடித்தால்தான் வதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சொந்தக்காரர் தன் பிராணிக்குப் போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் கொடுக்காததும், நியாயமான காரணம் இல்லாமல் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி அதைக் கைவிட்டுப் போவதும் குற்றம் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் பட்டினி போடுவதைச் சட்டம் குற்றம் என்று எழுதியது சிறிய விஷயமல்ல. அதற்குப் பின்னால் நம் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது 1950-களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இந்தச் சட்டத்துக்கு வழி வகுத்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். 2018 வரை அதன் தலைமையகமும் சென்னையில்தான் இருந்தது.

மாமல்லபுரத்துப் பூனை

பூனையைப் பற்றி எழுதிவிட்டு, எங்கள் ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மாமல்லபுரத்துப் பூனையைச் சொல்லாமல் விட முடியாது. அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் 7-ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், யானைகளின் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள். மகாபாரதத்தில் வரும் போலித் துறவிப் பூனையின் கதை அது. தவம் செய்வதாக நம்ப வைத்து எலிகளைத் தின்ற பூனை. கைடுகள் எல்லோரும் அதைக் காட்டிச் சிரிக்க வைப்பார்கள்.

பள்ளிச் சுற்றுலாவில் போனபோது நானும் சிரித்தேன். வெள்ளச்சி போன பிறகு ஒருமுறை போனபோது அதன் விலா எலும்பு மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. சிற்பி அதை அவ்வளவு ஒல்லியாகச் செதுக்கியிருக்கிறார். சிற்பி நினைத்தது வேறாக இருக்கலாம். எனக்கு அது யாரோ சோறு வைப்பார்கள் என்று கையைத் தூக்கி நிற்கிற பூனை.

பூனை பிழைத்துக்கொள்ளும் என்பது பாதி உண்மைதான். வீட்டில் சோறு தின்று பழகிய பூனை திடீரென்று வேட்டைக்காரன் ஆகிவிடாது. அதிலும் நன்றாகக் கொழுத்த பூனை தொடர்ந்து சில நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஒரு பெரிய கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்துவிட்டுப் போவதும் உதவாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வெயில் காலத்தில் அரை நாளில் கெட்டும் போய்விடும். பூனைக்குத் தன் இடத்தின் மேல் பிடிப்பு அதிகம். ஆகவே அதை வேறு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட, அது இருக்கும் இடத்துக்கு ஒருவர் தினமும் வந்து போவதே நல்லது. மலை மேல் நடந்ததும் அதுதானே?

பறவைகள் வராமல் போனபோது

இப்போது மலைக்கே திரும்புவோம். 1990-களின் கடைசியோடு அந்த இரண்டு பறவைகளும் வருவது நின்றுபோனது. நான் பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் இந்தியா முழுவதுமே பிணந்தின்னிப் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்கிறது என்று 2004-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மஞ்சள்முகப் பாறும் வேகமாகக் குறைந்து, 2007-இல் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவையாக அறிவிக்கப்பட்டது.

கெய்ரோவில் தோட்டம் போயும் சோறு நின்றுவிடவில்லை. இங்கே மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, படி ஏற ஆளும் உண்டு. வருவதற்குப் பறவை இல்லை. சாவா மூவா என்பது ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதாது. வைக்கும் கைக்குப் பின்னால் இன்னொரு கை வேண்டும் என்பதுபோல, வரும் உயிருக்குப் பின்னால் இன்னொரு உயிரும் வேண்டும். முதலாவதை நாம் ஏற்பாடு செய்யலாம். இரண்டாவது, பறவை தின்னும் மாட்டுக்கு எங்கோ ஒருவர் என்ன ஊசி போடுகிறார் என்பது வரைக்கும் போகிறது.

எங்கள் வீட்டு ஏற்பாடு

இவ்வளவும் படித்துவிட்டு நான் செய்தது இதுதான். எதிர் வீட்டு அக்காவிடம் பேசினேன். காலை, மாலை இரண்டு வேளை வந்து பார்ப்பதாகச் சொன்னார். உடனே, "அக்கா, நீங்களும் எங்கேயாவது போக வேண்டி வந்துட்டா?" என்று கேட்டேன். கேட்கவே கூச்சமாகத்தான் இருந்தது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் தம்பிகிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றார். தம்பியையும் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். சாவி இரண்டு செட்.

ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டப் போகிறேன். ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு மீன், தண்ணீர்க் கிண்ணம் எங்கே, மீன்காரம்மா எந்த நாள் வருவார், மருத்துவர் போன் நம்பர். மீனுக்கும் மற்ற செலவுக்கும் ஒரு கவரில் ரொக்கம், கூடவே ஒரு சின்ன நோட்டு. மிஞ்சினால் அக்கா வைத்துக்கொள்ள வேண்டும், அதைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று அம்மா முன்பே சொல்லிவிட்டார். இந்த விஷயத்தில் எங்கள் வீடு 1872 பக்கம் அல்ல, சோழர் பக்கம். ஒன்பது நாள் பத்து நாளானால் என்ன செய்வது என்பதையும் எழுதியிருக்கிறேன். தாளின் அடியில் இரண்டு பெயர்.

அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "கல்வெட்டு மாதிரி எழுதியிருக்கியே" என்று சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அவரே பேனாவை எடுத்து, மூன்றாவதாகத் தன் நண்பர் ஒருவரின் போன் நம்பரையும் எழுதி வைத்தார்.

ஆயா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பட்சிங்களுக்கு சோறு வச்சவரு, அதுங்க வராம போனப்புறமும் கொஞ்ச நாளு தட்டோட மேல போய் உக்காந்துட்டு வந்திருப்பாருடா" என்றார். அப்படி நடந்ததா என்று நான் ஆயாவிடம் கேட்கவில்லை. வெள்ளச்சி போன பிறகு ஒரு மாதம் வரை நானும் திண்ணையில் தட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்களும் இந்தக் கோடையில் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தால், பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கு முன்னால் அந்த இரண்டாவது பெயரை எழுதியாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.